ரப்பர் கலந்த பாதித் தெரு

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் எனக்கு ரோடு மேற்பார்வை வேலை. ஒரு நெசவாளர் தெருவைச் சோதனைக்கு எடுத்தோம். கிழக்குப் பாதிக்குச் சாதாரணத் தார். மேற்குப் பாதிக்குப் பழைய டயரை அரைத்த பொடியைப் போட்டுக் காய்ச்சிய தார். டயரிலிருக்கும் ரப்பரும் கரியும் சேர்ந்தால் தார் வெயிலில் இளகாது, வண்டிச் சக்கரத்துக்கும் ஈடுகொடுக்கும் என்றார் எஞ்சினியர். ஒரு வருஷம் தாங்கிவிட்டால் ஊர் முழுக்க அதையே போடுவதாக ஏற்பாடு. மூன்று நாள் அந்தத் தெருவிலேயே நாற்றத்தில் நின்று பொடியைக் கலந்தவன் நான். அது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது மேற்குப் பாதி நெடுகக் குழி. கிழக்கில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு மண்டை காய்ந்தது. சூடு போதவில்லையா, பொடி அதிகமா, ஜல்லியில் மண்ணா? காண்ட்ராக்டரைக் காரணமில்லாமல் திட்டினேன். வாலாஜாபாத்திலிருந்து நெல் ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் இரண்டு பாதியிலும்தானே போகின்றன? குழிகளோ சக்கரம் படாத ஓரத்தில் இருந்தன. நோட்டில் படம் போட்டுப் பார்த்து இன்னும் குழம்பினேன்.

கடைசியில் ஒரு நாள் காலை ஆறரைக்கே சைக்கிளில் போய் நின்றேன். நெய்வதற்கு முன் நூலைச் சீர்பார்க்க, தெருவின் நீளவாக்கில் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஊரில் தினம் பார்ப்பதுதான். பாவு கட்ட ரோட்டில் அடித்திருந்த இரும்பு முளைகளை மட்டும் நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லா முளையும் மேற்குப் பாதியில். முளை பிடுங்கிய ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்கி ஜல்லி பெயர்ந்திருக்கிறது.

உடைப்பதற்கு இந்தப் பாதிதான் கிடைத்ததா என்று கத்தினேன். இழை பார்த்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் நிமிராமலே பதில் சொன்னார்.

"அந்தாண்ட வெயில் ஏறினா தார் இளகிக்கினு வருது சார். கால்ல ஒட்டி பட்டுல பட்டா பாவே போச்சு. இங்க ஒட்டறதில்ல. அதான் மொத்தத் தெருவும் இங்கயே வந்து கட்டுது."

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். ரோட்டுக்கும் அதே விதி என்று யார் கண்டது?

எஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். எந்தப் பாதியில் குழி அதிகம் என்றுதான் ரிப்போர்ட்டில் கேட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேட்கவில்லை என்றார். நான் வாதாடியிருக்கலாம். ஆனால் எங்கள் ரோடு ஜெயித்ததா தோற்றதா என்று எனக்கே அப்போது நிச்சயமில்லை. குழி குழிதானே? 'மேற்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுமாதம் முழுத் தெருவுக்கும் சாதாரணத் தார் விரித்தோம். சித்திரையில் அந்த வழியாகப் போனேன். அதே பெண் வாசலில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் பாதத்துத் தாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் பாவில் விரலகலத்துக்குக் கறுப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டட்டும் என்று நின்றேன்.

"அந்தப் பொடி தீந்துபோச்சா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.