வாலெட் கம்பெனிக்காரி கேட்ட பெயர்

கிருத்திகைக் கூட்டத்து அம்மாமாருக்கும் அய்யாமாருக்கும் முதலமடையிலிருந்து ராமாத்தாள் எழுதிக்கொள்வது. நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் அதிகமாகிவிட்டது. முதலில் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முதலிலும் எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போன கிருத்திகைக்கு, சாமி எனக்குச் செய்ததை எழுந்து நின்று பேசச் சொன்னீர்கள். எனக்குப் பேச வராமல் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

போன மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் செந்தூரம் மரத்திலேயே பழுத்து விழுந்துகொண்டிருந்தது. பொறுக்க ஆள் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. காலையில் போனால் மரத்தடியெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். எறும்பு மொய்த்திருக்கும். பிறந்ததிலிருந்து மாம்பழ வாசனையில் இருப்பவள் நான். அது எனக்குப் பிடிக்காமல் போன வருடம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் இரண்டே பேர். நானும் என் மருமகள் சுமதியும். எங்க வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்து வெகு காலம் ஆகிறது. மகன் போய் மூன்று வருடம். மகன் போன பிறகு சுமதியின் அண்ணன் உடுமலையிலிருந்து வந்து, "இந்தக் காட்டுல தனியா என்ன பண்ணப்போற, வா" என்று கூப்பிட்டார். அவள் போகவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்காரர்களுக்கு விடவும் இல்லை. அவர்கள் கையில் கொடுத்தால் மருந்தை அடித்து அடித்து மரத்தைச் சாகடித்துவிடுவார்கள் என்று, போனிலேயே ஒரு கடை திறந்தாள். கடைக்குப் போட்டோ எடுத்தது, பழத்துக்கு வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டியது, கொரியருக்குக் கொண்டுபோனது எல்லாம் அவள்தான். தோட்டத்துப் பட்டா என் பேரில் இருப்பதால் கடையும் என் பேரில் இருக்கிறது. பேங்குக் கணக்கும் என் பேரில்தான்.

கடைக்கு ஆள் வராமல் இல்லை. எர்ணாகுளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தார்கள். வந்தது சுமதியின் போனில் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் போனை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பாருங்க அத்தை. கூடையில பழத்த எடுத்து வெக்கறாங்க. அட்ரஸ் எழுதறாங்க. கடைசிப் பக்கத்துக்கு வந்து, வாலெட் இல்லைன்னு தெரிஞ்சதும் அப்படியே போட்டுப்போட்டுப் போயர்றாங்க."

"வாலெட்னா என்ன கண்ணு?"

"போனுக்குள்ள ஒரு மணிபர்ஸுங்க அத்தை. இப்ப யாரும் கார்டு நம்பரையெல்லாம் உக்காந்து அடிக்கறதில்ல. ஒரு தட்டுத் தட்டினா பணம் போயிரோணும்."

வீடியோ பார்த்துப் பார்த்து அவளே அந்தப் பட்டனைக் கடையின் கடைசிப் பக்கத்தில் வைத்தாள். எனக்குக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் செத்துப்போன மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர்கள் கடைக்குச் சொந்தக்காரியை வீடியோவில் பார்த்து, சரி என்று சொன்னால்தான் அதற்கு உயிர் வருமாம். சொந்தக்காரி நான். கேட்கிற கேள்விக்கு நானே வாயால் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள். மூன்றும் தவறினால் ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதிப்போட முடியும். ஒரு மாதம் கழித்து மரத்தில் என்ன இருக்கும்? இலைதான் இருக்கும்.

முதல் தடவை ஒரு ஆண்பிள்ளை வந்தார். என் பேர் கேட்டார், சொன்னேன். பிறந்த தேதி கேட்டார், கார்டில் இருக்கிறபடி சொன்னேன். அடுத்து மலையாளத்தில், "பர்த்தாவிண்டெ பேரு?" என்று வீட்டுக்காரர் பேரைக் கேட்டார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயசுக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து நான் எங்க வீட்டுக்காரர் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். அவர் பேரும் மலைமேல் இருக்கும் நம் சாமியின் பேரும் ஒன்றே. அதனால் அந்த ஊர்ப் பேரைக்கூட நான் சொல்ல மாட்டேன். பொள்ளாச்சியில் பஸ் ஏறி "மலைக்கு ஒரு டிக்கெட்" என்பேன். "எந்த மலைக்குங்க ஆத்தா? வால்பாறையும் மலைதானுங்க" என்று கண்டக்டர் கேலி பண்ணுவார். நம் கூட்டத்தில் எல்லோரும் அந்தப் பேரைச் சொல்லிப் பாடும்போது நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். இருமல் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு எப்போதும் முருகா என்றுதான் வரும். வேலவா என்று வரும். அந்தப் பேர் மட்டும் வராது.

அன்றைக்கு நான் முழிப்பதைப் பார்த்து, கதவுக்குப் பின்னால் இருந்த சுமதி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அது அவருக்குக் கேட்டுவிட்டது. "வேறெ ஆளு சம்சாரிக்கான் பாடில்ல" என்றார். வேறு ஆள் பேசக் கூடாதாம். கட் பண்ணிவிட்டார்.

இரண்டாம் தடவைக்கு நானே ஒரு யோசனை பண்ணினேன். வாயால்தானே வராது, எழுதிக் காட்டினால் என்ன என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தாக எழுதிப் பிடித்தேன். வந்தவர் தமிழ் தெரியாதவர். தெரிந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாராம், வாயால் சொன்னால்தான் கணக்காம். அதுவும் போயிற்று.

அன்றைக்கு மத்தியானம் சுமதி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. திடீரென்று அவள் கேட்டாள்.

"ஒரு வாட்டி சொன்னா என்னங்க அத்தை? மாமா போய் எத்தன வருசமாச்சு? இன்னிமே யாரோட ஆயுசு கொறையப்போவுது?"

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருசன் போனவள். நானும் புருசன் போனவள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதோம். அவள் சொன்னதில் தப்பில்லை. குறைவதற்கு ஆயுசு இல்லைதான். ஆனால் நாக்குக்கு அது தெரியவில்லையே.

தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். மாட்டுச்சாலையில் நின்று மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். முதல் எழுத்துக்கு மேல் வராது. இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட என்மேல் கைநீட்டாத மனுசன். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், நிஜமாகவே அவர் இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஏதோ இருந்திருக்கும் போல. எனக்கு அதையெல்லாம் சரியாக எழுதத் தெரியவில்லை.

அந்த வாரத்தில், எங்கள் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்த குத்தகைக்காரன் வண்டியில் வந்தான். கீழே கிடந்த பழத்தைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்கம்மா, போனுக்குள்ள போட்டு வித்தா போன்தான் இனிக்கும். பேசாம அஞ்சு வருசத்துக்குத் தோட்டத்த உட்டுப்போட்டு ஊட்டுல உக்காருங்க."

எதிர்த்துப் பேச எனக்கு என்றைக்குமே வராது. சுமதியின் அண்ணனும் போன் பண்ணிவிட்டார். அமாவாசை கழித்து வண்டி கொண்டு வருகிறேன், துணிமணியை எடுத்து வை என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். என் காதால் கேட்டேன். தோட்டம் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் மகன் விட்டுவிட்டுப் போனது அவள் ஒருத்தியைத்தான். அவளும் போகிறாள். அதுவும் எதனால் போகிறாள்? மழை இல்லாமல் போகவில்லை, பூச்சி விழுந்து போகவில்லை. ஒரு கிழவிக்கு வாய் வராததால் போகிறாள். இதை நினைத்து நினைத்து எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. சாமி படத்துக்கு விளக்கு ஏற்றுவதையும் இரண்டு நாள் விட்டுவிட்டேன். ஏற்றி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

மூன்றாம் தடவை கூப்பிடப்போகிற நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் படத்துக்கு முன் உட்கார்ந்தேன். மந்திரம் ஒன்றும் தெரியாது. "முருகா, பழம் விக்கோணும்னு கேக்கல. என்ர வாயத் தொறந்து உடு. இல்லீன்னா என்னையாச்சும் கூட்டிக்க" என்று மட்டும் சொன்னேன். படம் படமாகவேதான் இருந்தது. மனசில் ஒரு தைரியமும் வரவில்லை. வந்தது என்று சொன்னால் பொய்.

வெளிச்சம் வேண்டும் என்று மாட்டுச்சாலைத் தாழ்வாரத்தில் பழப்பெட்டியை அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள் சுமதி. அவள் தொட்டிப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இந்தத் தடவை வந்தது ஒரு சின்னப் பெண். பொட்டு வைத்திருந்தாள். பேர் கேட்டாள். தேதி கேட்டாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு என்றாள். கார்டைக் காட்டச் சொன்னாள். எல்லாம் செய்தேன். பிறகு அதே கேள்விதான்.

"பர்த்தாவிண்டெ பேரு பறயூ அம்மே."

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"அம்மே, கேள்க்குன்னுண்டோ?" என்றாள். பிறகு தமிழிலேயே, "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா. கொஞ்ச நேரம்தான் இருக்கு, கால் கட்டாயிடும்" என்றாள். பாவம், அவளும் பதறினாள். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டிப் பக்கம் சுமதியின் தோள் குலுங்குவது தெரிந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மேலே பார்த்து அலறினேன்.

"அட என்ர பழனிச்சாமீ! என்ன இப்பிடிக் கைவுட்டுட்டியே!"

நான் சாமியைத்தான் கூப்பிட்டேன். சத்தியமாகச் சாமியைத்தான். அத்தனை வருடமும் முருகா என்று கூப்பிட்ட வாய் அன்றைக்கு ஏன் அந்தப் பேரைச் சொல்லிற்று என்று எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. சாமியே வந்து என் நாக்கில் உட்கார்ந்து சொன்னார்.

"ஆ, பழனிச்சாமி. கரெக்டாணு. கழிஞ்ஞு அம்மே, தேங்க்ஸ்" என்று அந்தப் பெண் சொன்னாள். போன் இருட்டாகிவிட்டது.

முடிந்தது என்கிறாள், எது முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. தவறிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டே இருந்தேன். சுமதி ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அத்தை, சொல்லிப்போட்டீங்க!"

"நா எங்க அம்மிணி சொன்னேன்? சாமியல்லொ கூப்புட்டேன்."

"நீங்க சாமியக் கூப்புட்டீங்க, அவ எழுதிக்கிட்டா!" என்று சொல்லிவிட்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் என் மடியில் விழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சாம்பல் பட்டன் நீலமாகிவிட்டது. அன்றைக்கே திருச்சூரிலிருந்து ஒரு அம்மா வாங்கினார்கள். போன் டிங் என்றது. அதற்கப்புறம் பெட்டி கட்ட எங்கள் இரண்டு பேர் கை போதவில்லை. கீழே விழுந்த செந்தூரம் விழுந்ததுதான், அது திரும்பி வரவில்லை. ஆனால் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் கடைசிக் காய் வரைக்கும் போயிற்று. குத்தகைக்காரன் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. சுமதியின் அண்ணன் வண்டி கொண்டு வந்தார். இரண்டு பெட்டி பழத்தை ஏற்றிக்கொண்டு அவர் மட்டும் போனார்.

அன்றிலிருந்து நான் இரண்டு வேளையும் விளக்கு வைக்கிறேன். தனியாக இருக்கும்போது அந்தப் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன். வருகிறது. சொல்லும்போது எனக்கு இரண்டு பேரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். யாரை முதலில் கும்பிடுகிறேன் என்று தெரியவில்லை. அழுகை வருகிறது, ஆனால் அது அப்போது வந்த அழுகை இல்லை.

உங்களில் யாருக்காவது வாய் அடைத்துப் போகிற கஷ்டம் வந்தால், சரியாகக் கும்பிடத் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். நான் வேண்டிக்கொண்டபோது ஒன்றும் நடக்கவில்லை. கைவிட்டுவிட்டாயே என்று திட்டினேன், அப்போதுதான் வந்தார். திட்டவாவது அவரைக் கூப்பிடுங்கள்.

இதை நம் கூட்டத்துப் புத்தகத்தில் போடுவதற்கு முன் யாராவது ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். மூன்றாம் தடவை கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை என்று எனக்கு ஞாபகம். சுமதி புதன் என்கிறாள். முருகனுக்கு உகந்த நாள் என்று நானாகச் செவ்வாயாக்கிவிட்டேனோ என்னவோ. அவளைக் கேட்டு எழுதுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண் கேட்டது வீட்டுக்காரர் பேரை. நான் சொன்னது சாமி பேரை. கம்பெனிப் படிவத்தில் அது பொய்யாகுமா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பொய்தான் என்றால் இந்தத் தடவை நானே போன் பண்ணி, அவர் பேரை வாயால் சொல்லிவிடுகிறேன்.