கிமோ அமெரிக்கன் இல்லை

எங்கள் எதிர்வீட்டு ஜன்னலில் ஒருநாள் பிரிட்டிஷ் கொடி தொங்கியது. லண்டன் ஓரத்துச் சட்டனில் கொடி தொங்கவிடுகிற ஆட்கள் எங்களைப்போன்ற இலங்கைத் தமிழருக்கு நல்லது நினைப்பவர்கள் அல்ல. மாதக்கணக்காக அந்தப் பக்கம் பாராமல் நடந்தேன். பிறகு லோண்டரியில் அந்த வீட்டுக்காரனே வந்து பேசினான். வெள்ளையன் இல்லை. பெயர் கிமோ. அது ஹவாய்க் கொடி, மூலையில் மட்டுந்தான் பிரிட்டன், மற்றதைத் திரைச்சீலை மறைத்துவிட்டது என்றான். அமெரிக்காவிடமிருந்து ஹவாய்க்கு விடுதலை கேட்கிறவனாம்.

விடுதலை கேட்கிறவன் கொடியில் வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். பிரிட்டனோடு நட்பாக இருந்த பழைய ராஜா வைத்த கொடியாம். பிறகு ஒரு பிரிட்டிஷ் கப்பல்காரன் ஹவாயைப் பிடித்தானாம், லண்டன் அதைத் திருப்பிக் கொடுத்ததாம். பிறகு விழுங்கியது அமெரிக்கா. பிரிட்டிஷ்காரன் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்த கதையை அன்றுதான் கேட்டேன். எங்களையும் பிடித்தான், போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜெனீவாவில் ஐ.நா. முன்னால் ஊர்வலம் என்று எங்கள் ஆட்கள் பஸ் பிடித்தபோது கிமோவும் ஏறினான். அங்கே அவனுடைய ஆட்களும் வந்திருந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் எங்கள் சனம் அவனைப் பிய்த்து எடுத்தது. அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டதாமே, இன்னும் என்ன வேண்டும் என்றார் ஒருவர். வீட்டைப் பிடித்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளேயே இருக்கிறான் என்றான் கிமோ. அமெரிக்காவுக்குள் ஒரு சின்ன அரசு போதும் என்கிறவர்களும் முழு விடுதலை கேட்கிறவர்களும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று அவன் சொன்னதும், இதுவும் எங்கள் கதைதான் என்று பஸ் அவனைச் சொந்தக்காரனாக ஏற்றுக்கொண்டது. ஹவாயை ராஜா ஆண்ட காலத்தில் குடியுரிமை பெற்ற சீனனின் பரம்பரையும் ஹவாய்க்காரர்தான், இரத்தம் பார்ப்பதில்லை என்றான் அடுத்து.

"அப்ப எங்கட முஸ்லிம் சனம்?" என்று பின்சீட்டில் ஒரு பெண் கேட்டாள். யாழ்ப்பாணத்தைவிட்டு எங்கள் இயக்கமே அவர்களைத் துரத்தியது எல்லாருக்கும் தெரியும். யாரோ டிரைவரிடம் பாட்டுப் போடச் சொன்னார்.

இங்கிலாந்துக் கரையில் டோவர் துறைமுகம் வந்தது. தகப்பன் இறந்தபோது கிமோ ஒரு சத்தியம் செய்திருந்தான்: அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கையால் காட்டுவான், அமெரிக்கன் என்று வாயால் சொல்லமாட்டான். போகும்போது யாரும் கேட்கவில்லை. டோவர் அதிகாரி கேட்டார்.

"நீங்கள் அமெரிக்கர்தானே?"

"இல்லை."

"அப்படியென்றால் இது யாருடைய பாஸ்போர்ட்?"

"என்னுடையது."

களவெடுத்த பாஸ்போர்ட் என்று நினைத்த அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். பஸ் முழுவதும் பின்னால் வரிசையில் நிற்கிறது. விடிந்தால் எனக்கு ஷிப்ட். அவனைத் திருப்பி அனுப்பினால் சட்டனில் அவன் மனைவி தனியே. "சொல்லித் துலையடா" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில், பாஸ்போர்ட் இருக்கிறவனுக்குத்தான் இந்தத் திமிர் வரும் என்றேன். கிமோ என்னை ஒரு பார்வை பார்த்தான். திரும்பி, சோற்றில் கடிபட்ட கல்லைத் துப்புவதுபோல, "அமெரிக்கன்" என்றான். முத்திரை விழுந்தது.

அடுத்தது நான். அகதிக்குக் கொடுக்கிற என் நீலப் புத்தகத்தில், இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று எழுதியிருக்கும். அதிகாரி அதை வாசித்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார். சட்டன் என்றேன். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்ற கிமோ, நீயும் சொல்லிவிட்டாயே என்பதுபோல அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. பின்னால் நின்ற பெண் "அண்ணை, போங்கோவன்" என்று இடிக்கும்வரை அந்தக் கோட்டின் மேலேயே நின்றேன்.