காலை ஒரு மணித்தியாலம்

தொண்ணூற்றொன்பது வயது அம்மா ஒருவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது என் வேலை. வடக்கு லண்டனில், சுவர் தெரியாமல் புத்தகம் அடுக்கிய வீடு. அவர் உளப்பகுப்பாய்வாளர். ஐம்பது வருடமாக அந்த வீட்டில் ஆட்களைப் படுக்க வைத்து, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

யூதர். வியன்னாவில் நாஜிகள் அவரைப் பள்ளிக்கூடத்தால் துரத்தி, முழந்தாளில் விட்டு வீதி துடைக்க வைத்தார்கள். சிறுமியாகத் தனியே லண்டனுக்குத் தப்பி வந்தார். தாய் அங்கேயே மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு அதிகாரி வந்து பார்த்து, இவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று தாளில் எழுதினான். பிறகு பஸ் வந்தது, ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றார்கள். நான் காலுக்குக் கிறீம் பூசும்போது, குரல் மாறாமல் இதைச் சொன்னார்.

அரச செலவில் எவ்வளவு நேரப் பராமரிப்புக் கொடுக்கலாம் என்று பார்க்கக் கவுன்சில் அதிகாரி வந்தாள். நான் என்ன செய்தேன்? யாழ்ப்பாணத்துப் புத்தி! வெளியாள் வருகிறாள் என்றதும் வீட்டைத் துடைத்தேன். கமோட் கதிரையை ஒளித்தேன். அம்மாவுக்கு முத்துமாலை போட்டுவிட்டேன். வீட்டுக்குறை வெளியே தெரிந்தால் எங்களுக்கு மானம் போய்விடுமே.

"தனியே எழும்புவீர்களா?"

"எழும்புவேன்."

"சமைப்பீர்களா?"

"சமைப்பேன்."

பச்சைப் பொய். அதிகாரி என்னைப் பார்த்தாள். எல்லாம் செய்வார் என்று தலையாட்டினேன். சோதனைச்சாவடிகளில் பழகிய தலை, அதிகாரியைக் கண்டால் தானாக ஆடும்.

என் கணவர் கேட்டுவிட்டுத் துள்ளினார்.

"உமக்கென்ன விசரே? ஒண்டும் ஏலாதெண்டு சொன்னால்தானே தருவாங்கள்!"

"அவவின்ர மானத்தைக் காப்பாத்தினன்."

"நல்லாக் காப்பாத்தினீர், போம்!"

கடிதம் வந்தது. காலை ஒரு மணித்தியாலம் வெட்டு, இனி மத்தியானம் மட்டும். அந்தக் காலைக்கு என்னை வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு செவ்வாய் மத்தியானம் கதவைத் திறந்தால், சமையலறைத் தரையில் கிடக்கிறார். விடியவே விழுந்தவர். உடுப்பெல்லாம் நனைந்து, உடம்பு குளிரில் விறைத்திருந்தது. ஐயோ, நான் நாசமாய்ப் போக!

அம்புலன்ஸ்காரன் குனிந்து, எழும்ப முடியுமா என்று கேட்டான்.

"முடியும்" என்றார் அம்மா. அவன் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். என் விரல்களை இறுக்கிப் பிடித்தார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

"அவவால ஒண்டும் ஏலாது, நான் முந்திப் பொய் சொன்னனான்" என்று தமிழில்தான் முதலில் வாயில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் எழுதினான். அம்மா என் விரல்களை விட்டுவிட்டார்.

இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறுகளில் போகிறேன். என்னைக் கண்டதும் தாதியை அருகே அழைத்து, "இந்தப் பெண் இருக்கும்போது என்னிடம் எதுவும் கேட்காதே" என்கிறார்.