தெருவைப் பார்த்து வைத்த டிவி

ஸ்கெலட்டன் என்ற இடத்தைத் தாண்டி பேத்தமங்களா ரோட்டில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். ஓர் ஊரில் வேலை போனால் அடுத்த ஊருக்கு நடப்பது எனக்குப் பழக்கம். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுவும் பழக்கம்தான். அன்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தங்கச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் அவரிடம் வேலை பார்த்தேன். கடையில் ஒரே டிவி. ஒருவர் ஆடும் முறைக்கு, சுரங்க வேலையைப் போல, அங்கே பெயர் ஷிப்ட்டு. கூட்டம் கூடியதும், இன்னொரு டிவி செட் வாங்கலாமா, கையில் பிடித்து ஆடும் சின்ன மெஷின் ஆறு வாங்கலாமா என்று கேட்டார். இரண்டிலும் அதே டாங்க் விளையாட்டு.

"டிவியே வாங்குங்க சார். ஒருத்தன் ஆடுனா பத்து பேரு பாப்பான். பாக்கறவன்தான் அடுத்த ஷிப்ட்டு."

அவர் சின்ன மெஷின்களையே வாங்கினார். அவற்றின் திரையில் வெளிச்சம் கிடையாது. எங்கள் இருட்டறையில் ஒன்றும் தெரியாமல், வாசல் வெயிலுக்குப் போய்த் தனித்தனியாகக் குனிந்து ஆடினார்கள். வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லாமல் கூட்டம் குறைந்தது. சலித்துக்கொண்ட ஒருவனிடம், "டிவி காலியாவட்டும், அதுல ஆடு" என்றேன். முதலாளி காதில் விழுந்துவிட்டது.

"அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் எனக்குப் பாடம் சொல்றியா? உன்னாலதான்டா மெஷினெல்லாம் தூங்குது!"

என் பையை ரோட்டில் எறிந்தார்.

"ஷிப்ட்டு முடிஞ்சிச்சு, கேஜ்ல ஏறு!" என்று, ஷிப்ட் முடிந்தவர்களைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றும் கூண்டைச் சொல்லி எவனோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு எப்படி அடுத்த ஊருக்குப் போவது? கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் ஒரு டிவி இருப்பதும், அவர் தம்பி பெங்களூரிலிருந்து கொண்டுவந்த, டிவியில் மாட்டி ஆடும் கேம் பரணில் சும்மா கிடப்பதும் நினைவுக்கு வந்தன. திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, பரண்மேல கீற கேம் ஓடுதா?"

"ஓடும். உனக்கு இன்னாத்துக்கு அது?"

"கிளாஸ் கழுவறேன். சோறு போடுங்க. டிவிய மட்டும் நான் சொல்ற எடத்துல வைங்க."

அக்கா எதிர்க்கடையைப் பார்த்தார். "அந்தாளு பொழப்புல மண்ணு போடப் போறியா?"

"ஆமாக்கா."

"மொதல்ல அந்தக் கிளாஸக் கழுவு" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கழுவி முடித்தேன். டிவியை வாசலுக்கு இழுத்து, எதிர்வாசலில் குனிந்து ஆடுகிறவர்கள் தலை நிமிர்ந்தால் தெரியும்படி திருப்பி வைத்தேன். முதலாளி கடை திறக்க வந்தபோது முதல் டாங்க் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.