இல்லை என்று போட்ட கட்டம்

என் மனைவிக்கு விசா பதினைந்தாம் நாள் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

இரண்டு மனுவையும் ஒரே நாளில், ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியவன் நான். எழுதுவதுதான் என் பிழைப்பு. தேனியில் பத்திர ஆபீசுக்கு எதிரே முப்பது வருஷம் பத்திரம் எழுதினேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று எத்தனையோ குடும்பங்களின் நிலம் என் கையெழுத்தில்தான் கைமாறியிருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் மனு முடங்கிக் கிடக்கிறது. பக்கத்து ஊர் கம்பத்துக்குக்கூடத் தனியாகப் பஸ் ஏறாதவளுக்குக் கதவு திறந்துவிட்டது. வயிறு எரியாதா? எரிந்தது.

"ரெண்டையும் நீங்கதான எழுதுனீக. எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அந்த ஆபீஸ்ல என்ன குழப்பமோ" என்றேன். குழப்பம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்களுக்கு ஒரே மகன். மெல்பர்னில் வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கும் அவனுக்கும் சண்டை ஏதும் கிடையாது. சண்டை என்றால் பேசித் தீர்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போனுக்குத்தான் கூப்பிடுவான்.

"சாப்பிட்டீகளாப்பா? அங்கன மழை உண்டா?"

"உண்டு. இந்தா, அம்மாட்ட குடுக்கேன்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவன் கூப்பிடுவதே அவளுக்காக. நடுவில் நான் எதற்கு? அதன் பிறகு ஒரு மணி நேரம் ஓடும். அவன் என்ன சமைத்தான், எவன் அவனை ஆபீசில் படுத்துகிறான், எங்கே வலிக்கிறது, எல்லாம் அவளுக்குத்தான். அவளுக்கு 'நீ', எனக்கு 'நீங்க'. நான் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அவள் சிரித்துக்கொண்டே போனை வைப்பாள். என்னவாம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பாள். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாததைப் பேசிச் சிரிக்க முடியுமா என்று மனசுக்குள் பொருமுவேன்.

அழைப்பும் அப்படித்தான் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "நீ இங்க வந்து மூணு மாசம் இரும்மா" என்று கெஞ்சினான். கொஞ்சம் கழித்து, "அப்பாவும் வேணா வரட்டும்" என்றான். அந்த 'வேணா' மீன் முள் மாதிரி தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான் என்ன, பொட்டியோடு சேர்த்து அனுப்புகிற பையா?

நான் எதையும் முதலில் தாளில் நகல் எழுதித்தான் பழக்கம். அவள் மனுவை எழுதினேன். அங்கே உறவினர் யாரையாவது பார்க்கப் போகிறீர்களா என்று ஒரு கேள்வி. ஆம் என்று போட்டு, மகன் பெயர், விலாசம், வேலை எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். என் மனுவில் அதே கேள்வி வந்தது. பேனா நின்றது. கூப்பிடாத வீட்டுக்கு நான் ஏன் விருந்தாளியாகப் போக வேண்டும்? நான் ஊர் பார்க்கப் போகிறவன். 'இல்லை' என்று போட்டேன். அழுத்திப் போட்டேன்.

அல்லிநகரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பெண்தான் இரண்டையும் இங்கிலீஷில் ஏற்றியது. கெட்டிக்காரப் பெண். "சார், அம்மாவுக்கு ஆமான்னு இருக்கு, உங்களுக்கு இல்லன்னு இருக்கே?" என்று அப்போதே கேட்டது.

"எழுதுனத அடிம்மா" என்றேன்.

மனைவிக்கு விசா வந்ததும், "நீ போய்ட்டு வா, எனக்கென்ன" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன் என்பாள் என்று நினைத்தேன். சொன்னாள், ஒரு தடவை. இரண்டாம் தடவை நான் "அட போ" என்றதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் மாறி, தன்னந்தனியாகப் போய் இறங்கினாள். எடுத்துப்போன பருப்புப்பொடி, இட்லிப்பொடி பற்றி அங்கே விமான நிலையத்தில் நிரப்பச் சொன்ன ஒரு அட்டையில் கேட்டிருக்கிறார்கள். "என்னத்தக் கேட்டாகளோ, எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டேன். பிரிச்சுப் பாத்தாக, சரி போன்னு விட்டுட்டாக. உள்ளதச் சொன்னா எதுக்குப் பிடிக்கப் போறாக" என்றாள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தெருவில் தலை காட்ட முடியவில்லை. "அக்கா போய்ட்டாகளாமே, நீங்க போகலையாண்ணே?" என்பார்கள். எனக்குக் குளிர் ஆகாது என்பேன். மேகமலைச் சாரலில் சட்டையில்லாமல் நிற்கிறவன் நான். மெஸ்ஸில் வாங்கிய சாம்பாரைச் சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீடியோவில் வருவாள். அங்கே குளிர்காலம். மகன் தரையில் உட்கார்ந்து அவள் காலில் கம்பளிச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருப்பான். போன வருஷம் நான் கால் சுளுக்கிக் கிடந்தபோது, டாக்டரைப் பார்க்கச் சொல்லு என்று அவளிடம் சொல்லி அனுப்பியவன். அந்தச் சாக்ஸைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். கட்டிய பெண்டாட்டி மேல் அறுபத்து மூன்று வயதில் பொறாமை. வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது.

அவள் போய் மூன்றாவது வாரம் விசா ஆபீசிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. சென்டர் பெண் வாசித்துத் தமிழில் சொன்னது. உங்கள் மனைவி மகனைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறார், நீங்கள் யாரையும் பார்க்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இதற்கு விளக்கம் தேவை, மகனிடமிருந்தும் கடிதம் தேவை. விளக்கம் ஏற்கப்படாவிட்டால் மனு தள்ளுபடி ஆகும், சில வருஷங்களுக்கு மறுபடி கேட்கவும் முடியாது. சில வருஷம் என்றால் என் வயதில் சின்ன விஷயமா? அவன் முகத்தை இனி நேரில் பார்ப்பேனா என்றே தோன்றிவிட்டது.

பிழைத்திருத்தல் பத்திரம் எத்தனையோ எழுதியிருக்கிறேன். 'முன் பத்திரத்தில் கைப்பிழையாக விடுபட்டுவிட்டபடியால்' என்று தொடங்கினால் எதையும் சரிக்கட்டிவிடலாம். வேண்டுமென்றே அண்ணன் பெயரை விட்டவனுக்கும் கைப்பிழை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்கும் அப்படியே ஒரு நகல் போட்டேன். ஆனால் மகன் கடிதம் வேண்டுமே. அவனிடம் சொல்லாமல் முடியாது.

ஒரு வியாழக்கிழமை நானே கூப்பிட்டேன். ஆறு வருஷத்தில் நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னப்பா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று பதறினான். விஷயத்தைச் சொன்னேன்.

"தப்பா அடிச்சிட்டாகளா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "இல்லப்பா. நான்தான் போட்டேன். நீ அம்மாவைத்தான கூப்பிட்ட. என்னைய வேணா வரட்டும்னுதான சொன்ன."

அவன் மெதுவாகச் சொன்னான். "உங்க நம்பருக்குத்தானப்பா நான் கூப்பிடுறேன். அம்மாட்டயும் போன் இருக்குல்ல? ஒவ்வொரு வாரமும் உங்களுக்குத்தான் போடுறேன். நீங்க எடுத்ததும் அம்மாட்ட குடுக்கேன்னு குடுத்துர்றீக. என்னோட பேசப் பிடிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் வாங்கன்னு கேக்கவே பயமா இருந்துச்சு."

அவளிடம் போன் இருப்பது எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக அதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வந்த போனை நானே தூக்கிக் கொடுத்துவிட்டு, வாங்கிப் பேசியவளைப் பார்த்துப் பொருமியிருக்கிறேன்.

கைப்பிழை நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். 'எனக்கு அங்கே ஒரு மகன் இருக்கிறான். அவன் தன் தாயிடம் மட்டுமே பேசுகிறான் என்ற பொறாமையில் இல்லை என்று எழுதினேன். அது தவறு. நான் அவனைப் பார்க்கத்தான் வருகிறேன்.'

சென்டர் பெண் இரண்டு முறை படித்தது. "இதையா சார் அடிக்கணும்? டைப்பிங்ல தப்புன்னு போட்டா முடிஞ்சிரும்."

"அப்படிப் போட்டா தப்பு உன் மேலதான வரும். நீ அன்னைக்கே கேட்ட. இருக்குறபடியே அடிம்மா."

அடித்தது. அடிக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது. மகன் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். பிறகு மூன்று வாரம் காலையும் மாலையும் அந்தக் கடைப் படி ஏறி இறங்கினேன். ஒரு செவ்வாய்க்கிழமை, "வந்துருச்சு சார்" என்றது.

கடை வாசலில் நின்றே மகனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். விசா வந்துவிட்டது என்றேன். எந்த விமானம், எத்தனை மணிக்கு, கம்பளிச் சட்டை என்ன அளவு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனான். பின்னால் அவள் குரல் கேட்டது.

"யாருடா போன்ல? அப்பாவா? இங்க குடு."

"இரும்மா. இது எனக்கு வந்த போன்."

"எனக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. குரல் லேசாகச் சுருங்கியிருந்தது. அது என்ன குரல் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பாவமாக இருந்தது. இருந்தாலும் போனை அவளிடம் கொடு என்று நான் சொல்லவில்லை.