கேன் தண்ணீரில் திரிந்த உரம்

ஏலச்செடிச் சரங்களில் பூ விட்டிருந்த நேரம். அந்த விளைச்சலை நம்பித்தான் எங்கள் வீடு. போடி உரக்கடைக்காரர் பாஸ்பரஸும் பொட்டாஷும் சேர்ந்த உப்பையும் கால்சியம் உரத்தையும் அப்பா முன்னால் எடுத்து வைத்தார். "ஒரே டிரம்முல கலந்து அடிங்க. கூலி மிச்சம்."

"கால்சியத்தோட கலக்கக் கூடாதுன்னு உப்புப் பையிலயே போட்டிருக்குண்ணே," என்றேன்.

"வாசிக்கத் தெரிஞ்சதும் எனக்கே வகுப்பெடுக்கிறான் பாருங்க, உங்க மகன்!"

அப்பாவும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே ஒரு வாளித் தண்ணீரில் இரண்டையும் கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். திரிந்த பால்போல் வெள்ளையாகிக் கீழே படிந்தது. அப்படிப் படிந்த உரம் செடிக்குச் சேராது.

"உப்புத்தண்ணி அப்பு, அதான்," என்றார் கடைக்காரர் கூசாமல்.

"நீங்க குடிக்கிற கேன் தண்ணிண்ணே."

அப்பா கால்சியம் பையைத் திருப்பித் தள்ளினார்.

தான் விற்கும் பையைக்கூட வாசிக்காத அந்த ஆளைத்தான் எங்கள் ஊரில் 'செடி டாக்டர்' என்கிறார்கள். நாங்கள் இப்போது பூவுக்கு அந்த உப்பைத் தனியாகத்தான் அடிக்கிறோம். அவர் கடையில் கூட்டம் மட்டும் குறையவே இல்லை.