செவ்வாய்க்கிழமைக் காலை எங்கே போனது?

போன கிளினிக் நாளில் டொக்டர் என் மகள் கலாவின் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்படியே போனா இன்சுலின் ஊசிதான் அம்மா. அடுத்த முறை பாப்பம்."

சீனி வருத்தத்துக்குக் குளிசை விழுங்குவது வரைக்கும் எனக்குச் சம்மதம். ஊசி மட்டும் வேண்டாம்.

போனில் இருந்தது ஒரு கிராப். தினமும் காலையில் வெறும் வயிற்றில் கலா என் விரலில் குத்துவாள். மெஷின் காட்டுவதைப் போனில் போடுவாள். நாளுக்கு ஒரு தூண் எழுந்து நிற்கும். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே செய்கிற பக்கத்து வீட்டு றிஸானா, எங்கள் ஒழுங்கை வீடுகளில் சீனி உள்ளவர்களுக்காகவே எழுதித் தந்த மென்பொருள் அது.

திங்கட்கிழமைத் தூண் தென்னை மாதிரி நின்றது!

வீடு திரும்பும் பஸ்ஸிலேயே கலாவின் விசாரணை தொடங்கிவிட்டது.

"களவா என்னம்மா திண்டீங்க?"

"ஒண்டுமில்ல புள்ள."

"அப்ப கிராப் பொய் சொல்லுதா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே வாவியைப் பார்த்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பின்னேரம் றிஸானாவிடம் முறைப்பாடு போனது.

"இஞ்ச பாருகா, திங்கள் எவ்வளவு உசரம்! செவ்வாய் ஒண்டுமே இல்ல..." கலாவின் பேச்சு நின்றது. "பொறு. செவ்வாய் விடிய நான்தானே குத்தினன்? அம்மா கத்தினது உங்கட வீட்டுக்கும் கேட்டிருக்குமே!"

"கேட்டுத்தானே நான் எழும்பின" என்றாள் றிஸானா.

லெப்டொப்பைத் திறந்தவள் தலையில் கைவைத்தாள். "அல்லாஹ்! இது என்ட பிழை மாமி."

செவ்வாய்க்கிழமைக் கணக்கு திங்கட்கிழமைக்குள் கிடந்ததாம்! மென்பொருள் நாளைப் பிரித்தது நம் மணிக்கூட்டை வைத்து அல்ல, உலகப் பொது நேரத்தை வைத்து. நமக்கு விடிய ஐந்தரை ஆகும்வரை அதற்கு முந்தைய நாள்தான். கலாவுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே குத்திவிட்டு ஓடுவாள். மற்ற நாட்களில் ஏழு மணி. அதனால் லீவு நாளான திங்களின் ஏழு மணியும், காலை ஷிப்ட் நாளான செவ்வாயின் ஐந்து மணியும் திங்கட்கிழமைக்குள்ளேயே விழுந்துவிட்டன. விழுந்தவற்றைக் கூட்டி ஒரே தூணாக வேறு நிறுத்திவிட்டது!

றிஸானா அங்கேயே இருந்து திருத்தினாள். தென்னை பாதியாகக் குறைந்தது. செவ்வாயில் ஒரு தூண் முளைத்தது.

கலா என் பக்கம் திரும்பவில்லை. "மெஷின்ல ஒவ்வொரு நாளும் என்ட கண்ணால பாத்தனான்... அத விட்டுட்டு கிராப்ப நம்பிட்டன்" என்றாள், சுவரிடம்.

அவளை மட்டும் சொல்லி என்ன? உயரமாக ஒன்று எழுந்து நின்றால் நாம் எல்லோரும் அண்ணாந்துதானே பார்க்கிறோம்!

றிஸானா அப்போதே மற்ற வீடுகளுக்கும் சொல்லப் புறப்பட்டாள். தின்னாத இனிப்புக்கு இந்த ஒழுங்கையில் எத்தனை பேர் பேச்சு வாங்கினார்களோ...

நேற்று மறுபடியும் கிளினிக். கலா நடந்ததைச் சொல்ல, டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஊசி வேணாம் அம்மா. குளிசையே போதும்."

'கிராப்பைப் பார்க்க முதல் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டொக்டர்?' என்று கேட்க வாயைத் திறந்தேன். "சரி டொக்டர்" என்பதுதான் வந்தது — மீதியை இங்கே எழுதிவிட்டேன்.